சிவப்புச் சீட்டு கட்டிய ஹார்டு டிஸ்க்

கம்ப்யூட்டருக்குப் பழைய புடவையில் உறை தைத்துப் போட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வாரம் தலை வாரும்போது காதோரம் மூன்று நரைமுடி கண்ணில் பட்டது. இதற்கே கிழவி வேஷம் கட்டுகிறாயா என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். கரண்ட் போய் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தால் அது ஓய்வதற்குள் எல்லாவற்றையும் சேவ் செய்யத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வயதாகிவிட்டது என்பதுதான் என் கட்சி.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. படப்பையில் ஒரு கடையில் பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கொடுத்தது. முன்பக்கம் டிவி மாதிரியும் பின்பக்கம் கர்ப்பிணி மாதிரியும் இருந்த மானிட்டர். அணைத்தவுடன் கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் ரோமம் சிலிர்த்து நிற்கும். சிபியூவின் பின்னால் சூடான தூசி வாசனை ஒன்று வரும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பொருத்திக் கொடுத்தவர் போகும்போது திரையின் மூலையில் ஒரு சின்னப் படத்தைக் காட்டினார். "இதான் ஆன்ட்டி வைரஸ். இது பச்சையா இருந்தா வூட்டுக்குக் காவல் கீதுன்னு அர்த்தம். செவப்பா மாறிச்சின்னா அப்டேட் போடணும். உங்க வூட்ல நெட் இல்ல. அதனால வாரம் ஒரு தபா சென்டர்ல டவுன்லோடு பண்ணி பென் டிரைவ்ல எத்துனு வந்து போட்டுக்கணும்" என்றார்.

அம்மாவின் காதில் வைரஸ் என்ற சொல் மட்டும் விழுந்தது. அந்த வருஷம் பன்றிக்காய்ச்சல் பயம் ஊரெல்லாம் இருந்தது. மறுநாள் பள்ளிவிட்டு வந்தபோது சிபியூவின் மேல் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. நான் சிரித்தேன். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும், உன்ன இன்னா பண்ணுது?" என்றாள் அம்மா. இலை காயக் காயப் புதுக் கொத்து மாற்றுவாள். வேப்பிலையும் ஆன்ட்டி வைரஸும் சேர்ந்துதான் எங்கள் கம்ப்யூட்டரைக் காத்தன.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். லைனில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பார்த்துச் சரி, தப்பு என்று பிரிப்பது வேலை. சரியான பாகத்துக்குப் பச்சைப் பொட்டு. தப்பானதைத் திருத்த முடிந்தால் ரீவொர்க் தொட்டி, சந்தேகம் இருந்தால் தனியே நிறுத்திவைக்கும் ஹோல்டு தொட்டி, இரண்டும் இல்லையென்றால் தூக்கிப் போடும் ஸ்கிராப் தொட்டி. ஒருமுறை அவர் ஹோல்டில் வைத்த ஒரு பாகம் எப்படியோ கைமாறி லைனுக்குத் திரும்பிப் போய்விட்டது. அவருக்கு மெமோ கொடுத்து, ஷிஃப்டில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்துப் பேசினார்கள். அந்தப் பாகத்தில் சிவப்புச் சீட்டு கட்டி, குறை என்ன, பொறுப்பு யார் என்று எழுதி, எல்லோரும் பார்க்கும்படி போர்டில் தொங்கவிட்டார்கள். சீட்டில் இருந்தது அப்பாவின் பெயர். அதற்குப் பிறகு அவர் எதையும் ஹோல்டில் வைக்கப் பிரியப்பட்டதில்லை. வீட்டில் சந்தேகமான தக்காளிகூடக் குப்பைக்குத்தான் போகும்.

மாடி அறையில் வாடகைக்கு இருந்த அக்கா, விளாத்திகுளம் பக்கத்து உப்பள ஊர்க்காரி. ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. அங்கே கேமரா போனும் மெமரி கார்டும் வாசலுக்குள் நுழையக் கூடாது, அதனால் லட்சக்கணக்கில் போன் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவள் கையில் டார்ச் மட்டும் எரிகிற போன் ஒன்று வைத்திருந்தாள். வேலையில் மின்சாரம் உடம்பில் தங்கக்கூடாது என்று மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி அதை மேஜையோடு இணைத்திருப்பார்களாம். அந்தப் பழக்கத்தில் எங்கள் கீபோர்டைத் தொடுமுன் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுக்கொள்வாள். நானும் தொடுவேன். சாமி கும்பிடுவது மாதிரி இருவரும் கம்பியைத் தொட்டுவிட்டு உட்காருவோம்.

ஞாயிற்றுக்கிழமை அப்டேட் எங்கள் இருவரின் வேலை. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் படப்பை போவோம். சென்டரில் தட்டி மறைத்த சின்னச் சின்ன அறைகள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும், உள்ளே ஊதுபத்தியும் வேர்வையும் கலந்த வாசனை. அப்டேட் இறங்க அரைமணி, சில நாள் ஒரு மணி. நீலப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டே அக்கா என் தலையில் பேன் பார்ப்பாள். இறங்கியதும் பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்து ஏற்றினால் கொஞ்ச நேரம் கழித்து மூலையில் சிவப்பு போய்ப் பச்சை வரும். கூடவே ஸ்பீக்கரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல், அப்டேட் முடிந்தது என்று ஆங்கிலத்தில் சொல்லும். முதல்முறை கேட்டபோது அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "யாருடி வந்துகீறது?" என்று கேட்டாள். பிற்பாடு பழகிவிட்டது. அந்தக் குரல் கேட்டால், "வந்துட்டாளா உங்க ஃப்ரெண்டு, டீ போடட்டா?" என்பாள். அந்தக் குரலுக்காக இப்போதும் சில நேரம் ஏங்குகிறேன். இன்றைக்கு அப்டேட் எல்லாம் நமக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடுகிறது.

பச்சை வந்த பிறகு அக்கா அவளுடைய ஃபோல்டரைத் திறப்பாள். அதற்கு அப்பா என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தாள். உள்ளே ஒரே ஒரு வீடியோ, நாற்பத்து மூன்று விநாடி. அவளுடைய சித்தப்பா மகன் தன் போனில் எடுத்தது. எடுத்த இரண்டாம் மாதம் அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். எடுத்த போனும் பிறகு உப்புப் பாத்தித் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனது. அவள் பென் டிரைவில் ஒரு பிரதி இருந்தது. அப்டேட் ஃபைலுக்கு இடம் பற்றவில்லை என்று அதை எங்கள் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, பென் டிரைவைக் காலி செய்திருந்தாள். ஆக, உலகத்திலேயே அது இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

தலையில் துண்டு கட்டிய மனிதர். பின்னால் வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசுவார். "ஓடுதாடா இது? என்னத்தப் பேச? தாயி, நல்லாருக்கியா? சாப்பாடெல்லாம் ஒழுங்காப் போடுறாகளா? இங்க உப்பு நல்லா வெளஞ்சிருக்கு. மழை வராம இருந்தாத் தப்பிச்சோம். உங்க கம்பெனியில எந்நேரமும் ஏசி ஓடுதாம்ல, இவன் சொன்னான். குளுருல நிக்காத. ஒரு துணியச் சுத்திக்கோ." இடையிடையே காற்று இரையும். ஒவ்வொரு வாரமும் பார்த்து எனக்கு அது மனப்பாடம். முடிந்ததும் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதே வார்த்தையைத்தான் சொல்வாள்: "இப்ப இருந்தாகன்னா, போதும் தாயி, ஊருக்கு வந்துருன்னு சொல்லிருப்பாக."

கார்த்திகை மாதம் அவள் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி. தொடர்ந்து மூன்று ஞாயிறு ஓவர்டைம் போட்டார்கள். திரை மூலையில் இருந்த படம் சிவப்பாகிவிட்டது. வீட்டுக்குள் ஒரு பொருள் சிவப்பாக இருப்பதை அப்பாவால் தாங்க முடியவில்லை. நான்காவது ஞாயிறும் அக்கா வேலைக்குப் போனதும், மாடத்தில் இருந்த அவள் பென் டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே சென்டருக்குப் போனார். திரும்பி வந்து அப்டேட்டை ஏற்றினோம், பச்சை வந்தது. "முழுசா ஒரு தபா செக் பண்ணச் சொல்லு" என்றார். நான் ஸ்கேனை ஓடவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் ஓடியது. முடிவில் சைரன் மாதிரி ஒரு சத்தம். சிவப்புக் கட்டத்தில் வரிசையாகப் பெயர்கள். என் பள்ளிக்கூட ஃபோல்டர், அம்மாவின் கோலப் படங்கள், திருவிழாப் படங்கள், அக்காவின் அப்பா. வீட்டில் இருந்த அத்தனை ஃபோல்டரின் பெயரும் அதில் இருந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஒரு புள்ளியும் மூன்று ஆங்கில எழுத்தும் வால் மாதிரி ஒட்டியிருந்தன. அந்த வாலை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கீழே மூன்று பொத்தான்கள். அவை என்ன சொல்கின்றன என்று கேட்டார் அப்பா. சரி செய்வது, தனியாகப் பூட்டி வைப்பது, அழிப்பது என்று படித்துச் சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது. ஆனால் இந்த மூன்றும் அவருடைய மூன்று தொட்டிகள்.

"ரீவொர்க் போட்டுப் பாரு" என்றார். அழுத்தினேன், சரி செய்ய முடியாது என்று வந்தது.

"பூட்டி வெக்கலாம்ப்பா. அக்கா வரட்டும், கேட்டுக்கலாம்."

"ஹோல்டுல வெச்ச பீஸு என்னிக்கினா ஒரு நாள் லைனுக்குத் திரும்பி வந்துரும். நான் பட்டவன், எனக்குத் தெரியும்."

"அதுல அக்காவோட அப்பா வீடியோ கீதுப்பா."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அது பத்து நிமிஷம்தான் தாங்கும். அக்காவைக் கேட்கவும் வழியில்லை, ஷிஃப்டில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். யூபிஎஸ் கத்தக் கத்த அப்பாவுக்கு நெற்றியில் வேர்த்தது. "இத்த வுட்டா மொத்தமும் பூடும். அந்தப் பொண்ணு பென் டிரைவ்லயும் ஏறிக்கும்" என்றார். மவுசை என் கையிலிருந்து வாங்கி, நான் காட்டிக்கொடுத்த இடத்தில், அழி என்பதை அவரே அழுத்தினார். எல்லாவற்றுக்கும் அதே முடிவா என்று கேட்டது. ஆமாம் என்றார். ஒவ்வொரு ஃபோல்டராகக் கண்முன்னால் மறைந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அக்கா சீருடையோடு நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தாள். ஜன்னல் கம்பியைத் தொட்டாள். உட்கார்ந்தாள். தேடினாள். அப்பா எழுந்து நின்றார்.

"நான்தாம்மா அழிச்சேன். அதுல வைரஸ் இருந்திச்சி."

"வைரஸா அண்ணாச்சி? எங்க அப்பாட்டயா?" என்று கேட்டாள்.

அவள் சண்டை போடவில்லை. புடவை உறையை எடுத்து மானிட்டரின் மேல் ஒழுங்காகப் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். அன்றைக்கு அம்மா அப்பாவிடம் பேசவில்லை. எனக்கும் அவர்மேல் அப்படிக் கோபம் வந்தது. மறுநாள் அவர் லீவு போட்டு, சிபியூவை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு குன்றத்தூர் வரைக்கும் போய் ஒரு கடையில் காட்டினார். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லியேண்ணா. டிலீட் ஆனது ஆனதுதான்" என்று இரண்டே நிமிஷத்தில் அனுப்பிவிட்டாராம்.

அடுத்த ஞாயிறு அக்காவுக்கு லீவு. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மாடிக்குப் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவளாகவே கேட்டாள்.

"பாப்பா, உனக்கு மனப்பாடமாத் தெரியும்ல? அதச் சொல்லு. அவுக மாதிரியே சொல்லு."

நான் என் துப்பட்டாவைத் தலையில் துண்டு மாதிரிக் கட்டிக்கொண்டேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டேன். "ஓடுதாடா இது? என்னத்தப் பேச?" என்று ஆரம்பித்து, காற்று இரையும் இடத்தில்கூட நிறுத்தி, அவர் குரலிலேயே சொன்னேன். "ஒரு துணியச் சுத்திக்கோ. போதும் தாயி, ஊருக்கு வந்துரு" என்று முடித்தேன்.

அக்கா ஈரத் துணியோடு அப்படியே நின்றாள்.

"அப்பிடியா சொன்னாக?"

"ஆமாக்கா. கடைசில."

"இருக்கும்" என்றாள். என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் அழுததைப் பார்த்து, நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனாள். திரும்பி வரவில்லை. பக்கெட்டையும் ஸ்டவ்வையும் எடுத்துப்போக அவளோடு வேலை பார்த்த பெண் வந்தாள். "நம்ம மேல கோவம் அதுக்கு, சொல்லிக்காம பூடிச்சி" என்றாள் அம்மா. அப்பா அவளுடைய பென் டிரைவை ஒரு கவரில் போட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்தார், அவ்வளவுதான். சில வருஷத்தில் போன் கம்பெனியையும் மூடினார்கள். அங்கே இருந்த பெண்கள் ஊர் ஊராகச் சிதறினார்கள். அக்காவின் நம்பரும் இல்லாமல் போனது.

இத்தனையும் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் என் ஆபீசில் சிஸ்டம் பார்க்கும் பெண் பழைய கதை பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் பென் டிரைவில் பரவிய ஒருவகை வைரஸ், ஃபோல்டரை எதுவும் செய்யாதாம். அதைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவிட்டு, அதே பெயரில் அதே படத்தில், பின்னால் மூன்றெழுத்து வாலோடு, தானே வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். "ஆன்ட்டி வைரஸ் அந்தப் போலியைத்தான் அழிக்கும். அசல் உள்ளேயே பத்திரமா கெடக்கும். மறைச்சத காட்டுன்னு ஒரு டிக் அடிச்சாப் போதும். அது தெரியாம எத்தன பேரு எல்லாம் போச்சுன்னு அழுதாங்க தெரியுமா?" என்று சிரித்தாள். எனக்குக் கையில் இருந்த டீ ஆறிப்போனது தெரியவில்லை. படப்பையிலிருந்து அப்டேட்டோடு வைரஸையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தது நாங்களேதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமையே பிள்ளைப்பாக்கம் போனேன். கம்ப்யூட்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. ஹார்டு டிஸ்க்கும் போயிற்றா என்று அப்பாவைக் கேட்டேன். ரிட்டயராகி இரண்டு வருஷம் ஆனவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே டிஸ்க். அதன் ஓட்டையில் கம்பியால் ஒரு சிவப்புச் சீட்டு கட்டியிருந்தது, கம்பெனிச் சீட்டு. அவர் கையெழுத்தில் இருந்தது: பொருள், அந்தப் பெண்ணுடைய அப்பா வீடியோ. குறை, கேட்காமல் அழித்தது. பொறுப்பு என்ற இடத்தில் அவர் கையெழுத்து.

இத்தனை வருஷம் அவர்மேல் வைத்திருந்த கோபத்தை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

டிஸ்க்கை என் லேப்டாப்பில் மாட்டுமுன் ஜன்னல் கம்பியைத் தொட்டேன். பழக்கம் விடவில்லை. மறைத்ததைக் காட்டு என்பதில் டிக் அடித்தேன். மங்கிய மஞ்சளில் ஒவ்வொன்றாக வந்தன. என் பள்ளிக்கூடம், அம்மாவின் கோலம், அப்பா.

"அழியலியா?" என்றார்.

"இல்லப்பா. நீ அழிச்சது டூப்ளிகேட்ட. ஒரிஜினல் உள்ளயேதான் இருந்திச்சி."

"அப்ப நான் ஸ்கிராப் பண்ணது கரெக்டான பீஸுதானா?"

"கரெக்டுதாம்ப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு வீடியோவைப் போடச் சொன்னார். துண்டு கட்டிய மனிதர் கண்ணைச் சுருக்கினார். உப்பு நல்லா வெளஞ்சிருக்கு என்றார். குளுருல நிக்காத, ஒரு துணியச் சுத்திக்கோ என்றார். நான் கூடவே முணுமுணுத்துக்கொண்டு கடைசி வரிக்காகக் காத்திருந்தேன். "சரி, அவ்ளோதாம், நிப்பாட்டு" என்று துண்டு கட்டியவர் போனை நோக்கிக் கையை நீட்டினார். படம் நின்றுவிட்டது.

மறுபடி போட்டேன். மறுபடியும். போதும் தாயி, ஊருக்கு வந்துரு என்பது அதில் எங்குமே இல்லை.

"இன்னாம்மா தேடற?" என்றார் அப்பா. "ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

புதுப் பென் டிரைவ் வாங்கிவரச் சொன்னார். வைரஸ் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு குறையும் இல்லை என்று வந்ததும், எங்கிருந்தோ ஒரு பச்சைப் பொட்டுத் தாளைத் தேடியெடுத்து அதன்மேல் ஒட்டினார். சிவப்புச் சீட்டைக் கழற்றவில்லை. அந்தப் பொண்ணு கையில் போய்ச் சேரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார்.

விளாத்திகுளம் பக்கம் உப்பளத்து ஊர், போன் கம்பெனியில் வேலை பார்த்தவள், கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் எதையும் தொடுவாள். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அவளைத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள், நாற்பத்து மூன்று விநாடி எங்களிடம் இருக்கிறது. நேரில் பார்த்தால் நான் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அக்கா, ஊருக்கு வந்துரு என்று உன் அப்பா சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ முடிந்ததும் நீ சொன்னதைத்தான் நான் அவர் குரலில் உனக்குச் சொல்லிவிட்டேன். அதை நம்பித்தான் போனாயா அக்கா?